வழக்கு வந்தாலே களவா?

தரவுத் தொழில்நுட்ப நிறுவனமொன்றின் மீது ஆக்கவுரிமை மீறல் வழக்குத் தொடரப்பட்டால், அது பிறர் ஆக்கத்தைக் களவாடியே இருக்கவேண்டும், நெருப்பில்லாமல் புகையாது என்பது வெள்ளவத்தையிலும் கேட்கும் வாதம்.

முதலாவது, ஒரு புத்தாக்கத்தைப் பிறர் பயன்படுத்தாது தடுக்க அரசு குறித்த காலத்துக்கு, இலங்கையில் 20 ஆண்டுகளுக்கு, வழங்கும் உரிமையே ஆக்கவுரிமை. அதைக் கேள்விப்பட்டேயிராதவர் தாமாகவே அதே முறையைக் கண்டடைந்தாலும் மீறலாகலாம் எனில், களவு எங்கே வந்தது?

இரண்டாவது, வழக்கு தீர்ப்பன்று: அன்ட்ரொய்ட் தொடர்பில் ஒராக்கிள் 2010 இல் கூகுள் மீது தொடுத்த வழக்கில், ஆக்கவுரிமை மீறப்படவில்லையென 2012 இல் ஜூரிமார் கண்டனர்.

மூன்றாவது, வழங்கப்பட்ட உரிமையே செல்லாததாகலாம். நிதிக் கொடுக்கல் வாங்கலில் இடைத்தரகரின் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் அலிஸ் நிறுவனத்தின் ஆக்கவுரிமைகளை, அருவக் கருத்தைக் கணினியில் ஏற்றுவது மட்டும் புத்தாக்கமாகாது என்று கூறி, அமெரிக்க உயர் நீதிமன்றம் 2014 இல் ஏகமனதாக நிராகரித்தது.

தவிர, ஆக்கவுரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. எந்த நாட்டு உரிமை என்றுகூடக் கேளாமல் தீர்ப்பெழுதுவோர் எதைத்தான் வாசித்தனர்?