மகளிடம் மறைக்கலாமா?

திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷிக்குக் கையில் புற்று நோய் வந்தது. 1950-ல் திருவண்ணாமலையில் சமாதி அடைந்தார். அதை யாரும் மறைக்கவில்லை.

சொந்த வீட்டில் வந்தால்?

அருப்புக்கோட்டைப் பக்கம், தாய் மார்பில் கட்டி வந்து இறந்தாலும், "ஏதோ காய்ச்சல்" என்று சொல்லிவிடுகிற வீடுகள் உண்டு. மகளுக்கு வந்த வரன் தட்டிப் போகுமே என்ற பயம்!

பயம் நியாயமானதுதான். ஆனால் இதில் ஏமாறுகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டார் மட்டும் அல்ல. மகளும்தான்!

புற்று நோய் ஒட்டுவாரொட்டி அல்ல. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை. நோயாளிகள் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே அப்படி வருகிறது. அந்தக் குடும்பங்களில், பழுதான மரபணு ஒவ்வொரு பிள்ளைக்கும் போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மகனுக்கும் போகும். அவன் மூலம் பேத்திக்கும் போகும். "பெண் எடுத்த இடம் சரியில்லை" என்று மருமகளை ஏசும் மாமியார்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

மரபணு வந்தாலே நோய் வந்துவிடும் என்பதும் இல்லை.

ஆலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலியின் தாய் புற்று நோயால் இறந்தார். ஜோலி பரிசோதனை செய்து பார்த்தார். நோய் வருமுன்பே மார்பில் ஆபரேஷன் செய்து கொண்டார். 2013-ல் அதைப் பத்திரிகையிலும் எழுதினார்.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. தாய்க்கு 40 வயதில் மார்புப் புற்று நோய் வந்ததா? மகள் 30 வயதிலேயே டாக்டரிடம் காட்ட வேண்டும். மதுரையில் ராஜாஜி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பஸ்ஸில் போய் வரலாம்.

"குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று அங்கே டாக்டர் கேட்பார்.

காய்ச்சல் கதையை நம்பிய மகள், "இல்லை" என்பாள்.