செல்போன் டவரால் மூளையில் கட்டி வருமா? உண்மையில் கவனிக்க வேண்டியது என்ன?

அனகாபுத்தூர், பம்மல் மாதிரி வீடுகள் நெருக்கமாக உள்ள பகுதிகளில், மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்கப்போவதாகத் தெரிந்தாலே போதும். "டவர் வந்தா மூளையில கட்டி வருமாமே?" என்ற பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பயம் சரிதானா?

பயம் எங்கிருந்து வந்தது?

2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, செல்போன் கதிர்வீச்சை '2பி' பிரிவில் சேர்த்தது. 'புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கலாம், ஆனால் ஆதாரம் போதாது' என்பதுதான் அதன் பொருள். ஊரெல்லாம் பரவியது முதல் பாதி மட்டுமே.

இப்போது என்ன தெரியும்?

அதே நிறுவனம் கேட்டுக்கொண்டபடி, 63 ஆய்வுகளைத் தொகுத்து அலசிய அறிக்கை 2024-ல் வெளியானது. பத்து வருஷத்துக்கு மேல் செல்போன் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை. டவர் அலைகளால் குழந்தைகளுக்கு மூளைக் கட்டி அதிகரித்ததாகவும் தெரியவில்லை. எக்ஸ்ரே போல மரபணுவைச் சிதைக்கும் சக்தி இந்த அலைகளுக்குக் கிடையாது. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் டவர் கதிர்வீச்சுக்கான வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான்.

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்?

தாமதத்துக்கு. மூளையில் வரும் எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. காசநோய்க் கட்டி என்றால் பெரும்பாலும் மருந்திலேயே கரையும். ஆனால், மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லை. அதனால் சாதாரணக் கட்டி வளர்ந்தாலும் மூளையை அழுத்தும்.

காலையில் எழுந்ததும் அதிகமாகும் தலைவலி, கூடவே வாந்தி, பார்வை மங்கல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், திடீர் குணமாற்றம் இருந்தால் "பித்தம்தான்" என்று மாத்திரை போட்டு நாள் கடத்தாதீர்கள். பெரியவர்களுக்கு முதல்முறையாக வலிப்பு வந்தால், கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்கேன் எடுத்தால்தான் காரணம் தெரியும்.

எங்கே போவது?

2023 ஜூனில் திறக்கப்பட்ட கிண்டி கலைஞர் நூற்றாண்டு அரசு மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ளது. அனகாபுத்தூரில் இருந்து பல்லாவரம் வந்தால், மின்சார ரயிலில் கிண்டி போய்விடலாம். ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதாரை எடுத்துச் செல்லுங்கள்.