அசைவுக்குப் பின்னால் ஒரு கை



தொலைக்காட்சி நம் குமரி மாவட்டத்திற்குப் பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்தது. 1982-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் ஒளிபரப்பு தொடங்கியதும், வசதி படைத்த சில வீடுகளின் கூரைமேல் ஆன்டெனாக்கள் எழுந்தன. அதே ஆண்டில் பிறந்த இலங்கையின் ரூபவாஹினி கடல் கடந்து வந்தது. 1975-லேயே தொடங்கப்பெற்ற சென்னை நிலையத்தின் நிகழ்ச்சிகளோ, கொடைக்கானலில் கோபுரம் எழுந்த பின்னரே தென்மாவட்டங்களைப் பரவலாக எட்டின.

இந்திய நிலையம் எதுவாயினும் தூர்தர்ஷனின் சின்னம் ஒன்றே. இரு வளைவுகள் சுழன்று சுழன்று வந்து, நடுவே ஒரு வட்டத்தைத் தழுவிக் கண்போல் நிற்கும். பண்டிதர் ரவிசங்கர் அமைத்த இசை உடன் ஒலிக்கும். முற்றத்தில் கூடியிருந்த சிறுவர் அனைவரும் அக்கணமே வாய்மூடி அமர்வர்.

அது கணிப்பொறியின் வேலை என்றே இன்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்ற தேவாஷிஷ் பட்டாச்சார்யா அச்சின்னத்தை வரைந்தார். அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அதனைத் தேர்ந்தெடுத்தார். அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். எல். மிஸ்திரி, வரைபடத்தின் படிகளைக் காமிராவின் கீழ் வைத்துச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் படம்பிடித்து அதற்கு அசைவு தந்தார். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடவேண்டும். பத்து விநாடிக்கு 250 படங்கள். நாம் கண்டது சில விநாடிச் சுழற்சி. அதற்குப் பின்னால் இருந்ததோ பெரும் பொறுமை.

அக்காலத்திலேயே அமெரிக்காவில் ஸ்கேனிமேட் என்னும் கணிப்பொறி, தொலைக்காட்சித் தலைப்பெழுத்துகளை நெளியவும் ஒளிரவும் செய்துகொண்டிருந்தது. ஆனால் எழுத்தை முதலில் ஓவியர் வரைந்து தரவேண்டும். பணியாளர் குமிழ்களைத் திருகத் திருகவே அது திரையில் வளைந்தது.

கனடாவில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் என்னும் அறிவியலார் இருவர் மேலும் ஒரு வழி கண்டனர். ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் ஓவியர் வரைந்து தருவார். இடைப்பட்ட படங்களைக் கணிப்பொறி கணக்கிட்டு நிரப்பும். இம்முறையில் பீட்டர் ஃபோல்டெஸ் உருவாக்கி 1974-இல் வெளிவந்த குறும்படத்தின் பெயர் ‘பசி’. உண்டு உண்டு ஊதிப் பருத்த ஒருவனை, இறுதியில் பசித்தோர் கூட்டம் சூழ்ந்து தின்றுவிடுகிறது. இடைக்கோடுகளை இட்டது இயந்திரம். பசியைப் பற்றிப் பேசவேண்டும் என்று துணிந்தது மனித உள்ளம். இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

நாஞ்சில் நாட்டாருக்கு இது புதிய பாடமன்று. நம் ஊர்களில் நிகழ்ந்த தோற்பாவைக்கூத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணந்தீட்டிய உருவங்கள், தோளிலும் முழங்கையிலும் மூட்டு வைத்துக் கட்டப்பெற்றவை. வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கெரியும். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள, குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பர். அத்தனை பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தவர் ஒரே கலைஞர். இன்றைய கணிப்பொறி ஓவியர் தம் உருவங்களுக்கு எலும்பும் மூட்டும் அமைத்தே அசைக்கிறார் என்றறியும்போது, பாவைக் கலைஞர்கள் நெடுங்காலம் முன்னரே இவ்வறிவைப் பெற்றிருந்தனர் என வியக்கிறோம்.

இப்போதோ நிலைமை மாறிவிட்டது. ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். தொடக்கம், இடை, முடிவு அனைத்தையும் இயந்திரமே நிரப்பித் தந்துவிடுகிறது. ஒருவர் பேசாத பேச்சை அவர் முகமே பேசுவதாகக் காட்டும் படங்கள் கைப்பேசிகளில் உலவுகின்றன. ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கவும், ஒரு குடும்பத்தின் சேமிப்பைப் பறிக்கவும் அவை கருவியாகின்றன. கூத்து முடிந்ததும் கலைஞர் திரைக்கு வெளியே வருவார். ஊரார் அவர் முகம் அறிவர். பிழையிருப்பின் நேரில் கேட்பர். கைப்பேசிப் படத்திலோ திரைக்கு வெளியே வந்து நிற்பார் எவருமிலர்.

ஆதலின் பெற்றோரே, கைப்பேசியைப் பறித்து வைப்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுங்கள். அதன் 25 தாள்களின் ஓரத்தில் ஒரு பந்து சிறிது சிறிதாக மேலெழுவதாகப் பிள்ளையை வரையச் சொல்லுங்கள். பிறகு தாள்களை விரலால் விரைவாகப் புரட்டுங்கள், பந்து துள்ளும். ஒரு மாலைப்பொழுது முழுவதும் உழைத்து ஒரு விநாடி அசைவைப் படைத்த பிள்ளை, அதன்பின் எந்தப் படத்தைக் கண்டாலும், “இதை அசைப்பவர் யார்? எதற்காக அசைக்கிறார்?” என்று தானே கேட்கும். அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுதல் எளிதன்று.