பகல் ஒரு மணிக்கு எங்கே உண்பது?

மலையூர் ஒன்றுக்குச் சென்று திரும்பிய மாணவனைப் பார்த்து, "என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். சிகரம், ஏரி, கதிரவன் மறையும் முனை என்று அடுக்கிக்கொண்டே போவான். "என்ன உண்டாய்?" என்று கேளுங்கள். சற்றுத் தயங்கிவிட்டு, "ஏதோ கிடைத்ததைத் தின்றோம்" என்பான். ஓர் ஊரைக் காண்பதற்கு ஒரு மாதம் திட்டமிடும் நாம், அங்கே பகலுணவு எங்கே என்று ஒரு நிமிடமாவது முன்கூட்டி எண்ணுவதில்லை. வயிறு கூப்பிட்ட பிறகே அந்த நினைவு வருகிறது. அப்போது கண்ணெதிரே எந்தக் கடை நிற்கிறதோ, அதுவே நம் கடை ஆகிவிடுகிறது.

நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலாவுக்கு இம்முறை மாத்தேரானுக்கே போகலாம் என்று பேச்சு அடிபடுகிறது. நல்ல ஊர்தான்; போவோம். ஆனால், அங்கே பகலுணவை எங்கே வைத்துக்கொள்வது என்பது பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. அந்த ஊரில் உழைப்பவர்கள் எங்கே உண்கிறார்களோ, அங்கேதான் நாமும் உண்ண வேண்டும். இதைக் கேட்டவுடன் சில நண்பர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதும் தெரியும். ஆகவேதான் காரணங்களை எழுத்திலே வைக்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். மாத்தேரான் என்றால் உச்சிக் காடு என்று பொருள் சொல்வார்கள். சகியாத்திரி மலைத்தொடரில் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1850-இல் தாணா மாவட்டத்தின் கலெக்டராக இருந்த மாலெட் என்ற ஆங்கிலேயர் இம்மலையைக் கண்டு, வெள்ளையர் வெயிலுக்கு ஒதுங்கும் இடமாக்கினார். நேரலிலிருந்து மலையேறும் 21 கிலோமீட்டர்ச் சிற்றிரயில் 1907-இல் ஓடத் தொடங்கியது. ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் தம் சொந்தப் பணத்தில் போட்ட பாதை அது. தண்டவாளங்களின் இடைவெளி இரண்டே அடி.

இவ்வூரின் தனிச்சிறப்பு யாதெனில், இங்கே மோட்டார் வண்டிகள் வரக் கூடாது. காரில் வருவோர் தஸ்தூரி என்னுமிடத்தில் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து கடைவீதிக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். நடக்கலாம்; குதிரையில் போகலாம்; அமன் லாட்ஜ் நிலையத்தில் சிற்றிரயில் கிடைத்தால் ஏறலாம். மனிதனை வைத்து மனிதன் இழுக்கும் கை ரிக்ஷா இங்கே நெடுங்காலம் ஓடியது. அதை ஆறு மாதங்களுக்குள் நிறுத்திவிட வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2003-இல் மைய அரசு இப்பகுதியைச் சுற்றுச்சூழல் காப்பு மண்டலமாக அறிவித்தது. ஆகவே காடு காடாகவே இருக்கிறது. செம்மண் பாதை செம்மண் பாதையாகவே இருக்கிறது.

இத்தகைய ஊரில் பகலுணவு தேடுவது எளிதன்று. இங்குள்ள விடுதிகள் பல, தங்குவோர்க்கு அறை வாடகையோடு மூன்று வேளை உணவையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. காலையில் வந்து மாலையில் இறங்கும் நம்மைப் போன்றவர்க்கு அங்கே இலை இல்லை. எஞ்சியிருப்பது கடைவீதி. அங்கே பெரிய உணவகங்களின் பலகைகளைப் படித்துப் பாருங்கள். பஞ்சாபி, சீனம், குஜராத்தி, தென்னிந்தியம் என்று நாடு முழுவதும் அதிலே இருக்கும். மாத்தேரான் மட்டும் இராது!

சென்ற குளிர்காலத்தில் நாங்கள் ஒன்பது பேர் சென்றிருந்தோம். ஒரு மணி அடித்ததும் மூன்று கட்சிகள் பிறந்தன. ஒரு கட்சி, "தோசை எங்கே கிடைக்கும்?" என்றது. ஒரு கட்சி, பெரிய உணவகத்திலே வேண்டியமட்டும் எடுத்து உண்ணும் விருந்துக்குப் போகலாம் என்றது. மூன்றாம் கட்சியில் ஒரே ஒருவர். அவர் விடுதியிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

புளியோதரைக் கட்சியை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டுச்சோறு நம் முன்னோர் கண்ட நல்வழி. புளியின் அமிலம் நுண்ணுயிர்களை அடக்கி வைக்கும். நுண்ணுயிரியல் படிப்பவன் என்ற முறையில் அதற்குச் சான்று கூற நான் அணியம். ஆனால் மாத்தேரானில் குரங்குகள் உண்டு. அவற்றுக்கும் புளியோதரை பிடிக்கும். பொட்டலத்தைப் பிரித்த ஐந்தாம் நொடியில் அந்தக் கட்சி கலைந்துபோயிற்று.

தோசைக் கட்சியும் விருந்துக் கட்சியும் கூடி ஒரு பெரிய உணவகத்துக்குச் சென்றன. நாங்கள் நால்வர் மட்டும், குதிரைக்காரர்களும் சுமைதூக்குவோரும் எந்தத் திசையில் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நடந்தோம். பெருந்தெருவிலிருந்து ஒரு சந்து பிரிந்தது. அங்கே ஒரு வீட்டின் முன்பக்கத்தில் தகரக் கூரை, இரண்டு பெஞ்சுகள், சுவரில் 'கர்குதி ஜேவண்' என்று மராத்தியில் எழுத்து. வீட்டுச் சாப்பாடு என்பது பொருள். இத்தகைய இடத்தைக் கானாவள் என்பார்கள். நம் ஊர் மெஸ் போன்றது.

இவ்விடத்தில் மொழியைப் பற்றி ஒரு சிறு செய்தி. இந்தியில் ளகரம் இல்லை, மராத்தியில் உண்டு. கானாவள், பருப்பைக் குறிக்கும் டாள், பயற்றுக் குழம்பைக் குறிக்கும் உஸள் ஆகிய சொற்களைத் தமிழ் நாக்கு இடறாமல் சொல்லும். "மாவ்ஷி, ஜேவண் மிளேல் கா?" என்று கேட்டேன். 'சின்னம்மா, சாப்பாடு கிடைக்குமா?' என்பதுதான். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே உள்ளே கை காட்டினார்.

அப்போது எங்கள் நால்வரில் ஒருவர் என் காதருகே, "குதிரைக்காரர்களோடா உட்காரப் போகிறோம்?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்களிடம் குதிரை வாடை வீசியது உண்மைதான். காலை முதல் குதிரைக்குப் பக்கத்தில் நடப்பவரிடம் வேறு என்ன வாடை வீசும்? நண்பர் தீயவர் அல்லர். மேடையில் சமத்துவம் பற்றி நம் சங்கத்திலேயே பேசிப் பரிசு பெற்றவர். மேடையில் சொன்னது பெஞ்சுக்கு வர அவருக்குச் சற்று நேரம் பிடித்தது, அவ்வளவுதான். அதற்குள் ஒரு குதிரைக்காரர் நகர்ந்து இடம் விட்டு, "இந்தப் பிள்ளைகளுக்குச் சூடாகப் போடுங்கள்" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அரிசி மாவிலே தட்டிய பாகரி அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வந்தது. கடலை மாவைக் கரைத்துத் தாளித்த பிட்லா, முளைகட்டிய பயற்றின் உஸள், இடித்த மிளகாய், வெங்காயம், சோறு, டாள், கடைசியில் மோர். ஆளுக்கு 120 ரூபாய். உண்ணும்போதே குதிரைக்காரர், "உங்கள் ஊரிலும் மலை உண்டா?" என்று கேட்டார். குற்றாலத்தைப் பற்றிச் சொன்னேன். அருவியில் நிற்க மக்கள் வரிசையில் காத்திருப்பார்கள் என்று கேட்டதும் அவருக்கு வியப்புத் தாங்கவில்லை. பெரிய உணவகத்துக்குப் போன நண்பர்கள் எங்களைப்போல் நான்கு மடங்கு கொடுத்து, ஆறிய பனீரையும் ஊறிப்போன தோசையையும் உண்டு வந்தார்கள். அவர்களோடு அந்த ஊர்க்காரர் ஒருவரும் பேசவில்லை.

இனி, எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

தூய்மை என்பது முதலாவது. தகரக் கூரையைக் கண்டவுடன் நோய் என்றும், கண்ணாடிக் கதவைக் கண்டவுடன் நலம் என்றும் முடிவு கட்டுவது அறிவியல் மாணவர்க்கு அழகன்று. சமைத்த உணவு 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிடந்தால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. சோற்றில் காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியத்தின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, சுவருக்குச் சுண்ணாம்பு எப்போது அடித்தார்கள் என்பதன்று. சோறு எப்போது வடித்தார்கள் என்பதே. ஐந்தே பண்டங்களைச் சமைத்து, வருகிறவர்க்குச் சுடச்சுடப் போட்டு, இரண்டு மணிக்குள் பாத்திரம் கவிழ்க்கும் கானாவள், நூறு பண்டங்களைப் பலகையில் எழுதியிருக்கும் உணவகத்தைவிட இவ்வகையில் பாதுகாப்பானது. தண்ணீர் மட்டும் நாம் கையோடு கொண்டுபோவோம். கை கழுவச் சவுக்காரம் இல்லாத இடமாயின், அடுத்த கானாவளைத் தேடுவோம்.

இரண்டாவது, விலை. "மலையடிவாரத்தில் இதைவிட மலிவு" என்று பேரம் பேசும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. மாத்தேரானில் அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் வெங்காயமும் தாமாகக் கடைக்கு வந்து சேர்வதில்லை. தஸ்தூரியிலிருந்து குதிரையும் கைவண்டியும் மனிதத் தோளும் அவற்றைச் சுமந்தன. அண்மையில்தான் மின்ரிக்ஷாக்கள் சில ஓடத் தொடங்கியுள்ளன. காற்று தூயதாக இருக்கிறதே என்று மகிழும் நாம், அந்தத் தூய்மைக்குத் தோள்கொடுத்தவனுக்குரிய இரண்டணாவைக் குறைக்கச் சொல்வது முறையா? அலங்கார விளக்குக்காக ஏறும் விலை வேறு. சுமைகூலிக்காக ஏறும் விலை வேறு. முன்னதை விட்டு விலகலாம். பின்னதைக் கேட்டபடி கொடுத்துவிடுவதே நேர்மை.

மூன்றாவது, "நம் நாக்குக்கு ஒத்துவராது" என்பது. சைவ நண்பர்கள் 'ஷாகாஹாரி' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும். சோறு, பருப்பு, மோர் மூன்றும் உள்ள ஊரில் தமிழன் பட்டினி கிடந்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனி முதல் ஐப்பசி வரை மழை. வைகாசியில் போனால் பாதையோரத்தில் கரவந்தம் விற்பார்கள். நம் களாப்பழத்துக்கு அது உடன்பிறப்பு.

இவை எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. கானாவள் என்பது வீடு விட்டு வந்தவர்களுக்காகவே பிறந்தது. மும்பையின் பஞ்சாலைகளுக்குக் கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் தனியாக வந்த ஆடவர்க்குச் சோறு போட்டவர்கள், தங்கள் சிற்றறைகளில் அடுப்பு மூட்டிய பெண்களே. கடன் கொடுப்போரிடம் சிக்கித் தவித்த அப்பெண்களைத் திரட்டி, 1975-இல் பிரேமா புரவ் அம்மையார் அன்னபூர்ணா மகளிர் மண்டலத்தைத் தோற்றுவித்தார். 1982-இல் ஆலைகளின் மாபெரும் வேலைநிறுத்தம் வந்தது. அதன்பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஆனால், ஊர்விட்டு வந்தவனுக்கு அளவான விலையில் வீட்டுச் சோறு என்ற அந்த எண்ணம் மூடப்படவில்லை. நாமும் ஊர்விட்டு வந்தவர்கள்தாம். விடுதிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே அம்மாவை நினைப்பவர்கள்தாம். இந்தப் பெஞ்சில் உட்கார நமக்கு உரிமை உண்டு. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எண்ணிப் பாருங்கள். குற்றாலத்துக்கு ஒரு மராட்டிய மாணவன் வருகிறான். வடா பாவ் எங்கே என்று கேட்காமல், "அண்ணே, நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்கிறான். அவனை எந்தத் தென்காசிக்காரராவது கைவிடுவாரா? கையைப் பிடித்துக் கடைக்கு அழைத்துச் செல்லமாட்டாரா? அந்த மாணவனுக்கு நாம் எதைக் கொடுப்போமோ, அதையே இங்கே பெற நாமும் கேட்டுப் பார்க்க வேண்டாமா? இத்தனை ஆண்டுகள் இம்மாநிலத்தில் படித்துவிட்டு, ஒரு மராட்டியர் வீட்டு அடுப்பின் சூட்டை அறியாமலே பட்டத்தோடு ரயிலேறுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஆகவே செயற்குழுவின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, சுற்றுலாவின் பகலுணவுக்குப் பெரிய உணவகத்தில் மொத்தமாகப் பணம் கட்ட வேண்டாம். இரண்டு, நாற்பது பேரும் ஒரே கானாவளில் நுழைந்துவிடக் கூடாது. அப்படி நுழைந்தால், நாள்தோறும் அங்கே உண்ணும் சுமையாளுக்கு அன்று சோறு இராது. அது நம் பசியைவிடக் கொடிது. ஆறு அல்லது ஏழு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, காலையிலேயே ஆளுக்கொரு கானாவளில் எண்ணிக்கையைச் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுவோம். மூன்று, ஒவ்வொரு குழுவிலும் நான்கு வாக்கியம் மராத்தி பேசத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். இல்லையெனில், புறப்படுமுன் ஒரு மாலை கூடி அந்த நான்கு வாக்கியங்களைக் கற்றுக்கொள்வோம்.

மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் அடுத்த இதழில் எழுதட்டும். புளியோதரைக் கட்சிக்கும் இடம் உண்டு. குரங்குகளைச் சமாளிக்கும் வழியையும் அவர்களே கூறிவிட்டால் சங்கம் நன்றி பாராட்டும்.