உண்டியலில் விழுந்த ஒரு ரூபாய் யாருடையது?

பள்ளிவாசல் உண்டியலைத் திறந்து எண்ணும் பணியில் உதவும் இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். "ஹஜ்ரத், உண்டியலில் வந்த ஒரு ரூபாயை நான் எடுத்துக்கொண்டு, என் பையிலிருந்து வேறொரு ரூபாயை அதில் போட்டுவிடுகிறேன். கணக்கில் ஒரு பைசாவும் குறையாது. இதில் குற்றம் உண்டா?"

அவர் விரும்பிய அந்த நாணயம் அச்சுப்பிழை உடையது. உலோகத் தகடு சரியாக அமராமல் முத்திரை விலகி விழுந்ததால், ஒரு பக்கம் பிறைபோல் வெறுமையாக இருந்தது. சேகரிப்பாளர்கள் அதற்குப் பல மடங்கு விலை தருவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். உடன் எண்ணிய பெரியவர்கள் அறியவில்லை. கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இப்பொழுதுபோக்கு நம் பிள்ளைகளிடையே பரவிவருகிறது. இதை வீண் வேலை என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. கூர்ந்து பார்க்கும் பழக்கத்தை இது வளர்க்கிறது. நம் நாட்டு நாணயங்களில் ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள சிறு குறி, அது எந்த அச்சகத்தில் உருவானது என்பதைச் சொல்லும். வைர வடிவம் மும்பைக்கு உரியது. நட்சத்திரம் ஹைதராபாதுக்கும், புள்ளி நொய்டாவுக்கும் உரியவை. கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. ஒரே ஆண்டின் ஒரே நாணயம் ஓர் அச்சகத்தில் ஏராளமாகவும் மற்றொன்றில் அரிதாகவும் வெளிவந்திருக்கலாம். அச்சடித்த நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் தகட்டில் அதன் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதியும். அதை 'ப்ரோக்கேஜ்' என்பார்கள். ஒரு நாணயத்தின் முன்பக்க அச்சும் வேறொரு நாணயத்தின் பின்பக்க அச்சும் தவறுதலாகச் சேர்ந்துவிட்டால் அது 'மியூல்'. நாள்தோறும் கைமாறும் சில்லறையில் இவற்றைக் கண்டுபிடிப்பது ஒரு வகை அறிவு. அந்த அறிவுக்கு விலை கிடைப்பதை மார்க்கம் தடுக்கவில்லை.

நாணயத்தை உற்றுப் பார்ப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதும் அன்று. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தோடு வெளிவந்த வெள்ளி ரூபாயில், அவருடைய அங்கியில் ஒரு சிறு யானை பொறிக்கப்பட்டிருந்தது. தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றியைப் போலத் தோன்றியது. முஸ்லிம்கள் அதைக் கண்டு மனம் புண்பட்டனர், எதிர்ப்பு எழுந்தது. அரசு வெளியீட்டை நிறுத்தி, 1912 முதல் தும்பிக்கை தெளிவாகத் தெரியுமாறு அச்சைத் திருத்தியது. நகக்கண் அளவுகூட இல்லாத உருவத்தை அன்றைய மக்கள் கவனித்ததால் வந்த மாற்றம் அது. அன்று அருவருத்துத் தள்ளப்பட்ட அதே ரூபாயை இன்று 'பிக் ருப்பி' என்று பெயரிட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

ஆனால் 786 என்று முடியும் ரூபாய் நோட்டுகளைப் 'பரக்கத்' என்ற பெயரில் பல மடங்கு விலைக்கு விற்பதை இதனோடு சேர்க்க முடியாது. பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளைக் கூட்டி வந்த அந்த எண்ணுக்குக் குர்ஆனிலோ ஹதீஸிலோ எந்தச் சிறப்பும் சொல்லப்படவில்லை. அச்சுப்பிழையைத் தேடுபவர் இருக்கும் ஒன்றைத் தேடுகிறார். 786-ஐ விற்பவரோ பிறருடைய ஈமானை விலைபேசுகிறார். பழைய நாணயத்துக்கு இலட்சங்கள் தருவதாகச் சொல்லி முன்கட்டணம் கேட்போரைப் பற்றியும் எச்சரிக்கையாக இருங்கள். தன் பெயரைப் பயன்படுத்தி இவ்வாறு கமிஷன் கேட்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவிப்பு வெளியிட்டது.

இனி, விலை அறியாதவரிடம் வாங்குவது பற்றிப் பார்ப்போம். பழைய பொருள் கடைக்காரர் ஒரு தட்டு நிறைய நாணயங்களை வைத்து எதை எடுத்தாலும் இருபது ரூபாய் என்கிறார். அதில் அரிய ஒன்றைக் கண்டு இருபது ரூபாய் கொடுத்து வாங்கினால் அந்த வியாபாரம் கூடும். விலையில் ஏமாந்ததாலேயே வியாபாரம் முறியாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. கண்ணாடிக் கல்லை மாணிக்கம் என்று தானாக எண்ணி அதிக விலை கொடுத்தவருக்கும் திருப்பித் தரும் உரிமை இல்லை என்றே நம் ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. சந்தையில் கடை விரித்தவர் தம் சரக்கை அறிந்திருக்க வேண்டும்.

ஆயினும், கிராமத்திலிருந்து சரக்கோடு வருபவரை அவர் சந்தை விலையை அறியும் முன்னரே வழிமறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தைக்கு வந்தபின் அந்த விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் விற்றவருக்கு வழங்கினார்கள். கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்துவந்த நாணயப் பையைப் பார்த்து, "எடைக்கு எடை வெள்ளி விலை தருகிறேன்" என்று வாங்கிச் செல்பவர், வழிமறித்தவருக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை அவரே அளந்துகொள்ளட்டும். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹமுக்குப் பேசி முடிக்கப்பட்டது. குதிரை அதைவிடப் பெறும் என்று கண்ட அவர்கள், விற்பவரிடம் தாமாகவே விலையை உயர்த்திக்கொண்டே போய் 800 திர்ஹம் கொடுத்தார்கள். முஸ்லிம்கள் அனைவருக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் பைஅத் செய்திருந்ததே அதற்கு அவர்கள் கூறிய காரணம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். ஃபிக்ஹு அனுமதிக்கும் எல்லை ஒன்று. ஸஹாபாக்கள் நின்ற இடம் வேறொன்று.

உண்டியல் இவ்விரண்டிலும் அடங்காது. அங்கே எண்ணுபவர் சந்தைக்கு வந்த வியாபாரி அல்லர், அமீன். நாணயத்தைப் போட்டவர் அதன் மதிப்பை அறியாமல் போட்டிருக்கலாம். ஆனால் போட்ட கணமே அது முழு மதிப்போடும் பள்ளிவாசலுக்குச் சொந்தமாகிவிட்டது. பிறர் பொருளை விற்கப் பொறுப்பேற்ற வகீல் அதைச் சந்தை விலைக்கே ஆனாலும் தனக்குத் தானே விற்றுக்கொள்ள முடியாது என்பது நம் மத்ஹபின் சட்டம். ஒரு ரூபாயைப் போட்டு அரிய ரூபாயை எடுப்பவர் அதைத்தான் செய்கிறார், அதுவும் மிகக் குறைந்த விலைக்கு. நோன்புக் கஞ்சிக்கு வந்த ஒரு கிலோ சீரகச் சம்பாவை எடுத்துக்கொண்டு ஒரு கிலோ ரேஷன் அரிசியை வைத்துவிட்டு, "எடை குறையவில்லையே" என்று ஒருவர் சொன்னால் நாம் ஏற்போமா? கடையின் கல்லாவில் அமர்ந்திருக்கும் ஊழியருக்கும் இதே சட்டம்தான். முதலாளியின் அனுமதி இருந்தால் மட்டுமே மாற்றிக்கொள்ளலாம்.

விற்கும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை. அவை வெறும் பொருள், பேசிய விலைக்கு விற்கலாம். செல்லுபடியாகும் ரூபாயை அதே ரூபாய்க்குக் கூடுதலாக விற்பதுதான் சிக்கல். புழக்கத்தில் உள்ள செப்புக் காசுகளில் ரிபா இல்லை என்பது நம் மத்ஹபின் முற்கால நிலை. இன்றைய ஃபிக்ஹு அகாடமிகளோ காகிதப் பணத்தைத் தங்கம் வெள்ளியின் நிலையில் வைக்கின்றன. பேணுதலை விரும்புபவர் விலையைப் பணமாக வாங்காமல் ஒரு புத்தகமாகவோ துணியாகவோ பெற்றுக்கொள்ளட்டும். கைபரின் உயர்தரப் பேரீச்சம்பழத்துக்காக மட்டமான பழத்தைக் கூடுதலாகக் கொடுத்தவரிடம், முதலில் மட்டமானதைத் திர்ஹமுக்கு விற்று, அதைக்கொண்டு நல்லதை வாங்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதும் இவ்வகைப் பேணுதலுக்கே. வைஸில் இரண்டு நாணயங்களை வைத்து நெரித்து ப்ரோக்கேஜ் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். மறுபக்க உருவம் தட்டையாக நசுங்கியிருந்தால் சந்தேகியுங்கள். அது மோசடி, அதில் மஸ்அலா கேட்க ஒன்றும் இல்லை.

அந்த இளைஞரிடம் நாம் சொன்னது இதுதான்: நாணயத்தை முத்தவல்லியிடம் காட்டுங்கள், அதன் மதிப்பை நீங்களே விளக்குங்கள். தனி உறையிலிட்டு வரவுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். துடைத்து மெருகேற்ற வேண்டாம், மதிப்புக் குறைந்துவிடும். ஜுமுஆவுக்குப் பின் ஜமாஅத்தார் முன்னிலையில் ஏலம் விடட்டும். எண்ணும் பணியிலிருந்து விலகிக்கொண்டு, மற்றவர்களைப் போல நீங்களும் ஏலத்தில் கேட்கலாம். அவர் சற்று யோசித்துவிட்டு, ஏலத்தில் தம்மால் எவ்வளவு வரை கேட்க முடியும் என்று கணக்குப் போடத் தொடங்கினார்.