பனி உருகும் காலத்து வெள்ள அபாயமும் ஓடைக்கரைப் பாதுகாப்பும்: கோரிக்கை மனு

பெறுநர்:
ஸ்காபரோப் பகுதி மாநகரசபை உறுப்பினர்கள்,
அவசரகால முகாமைத்துவ, வெள்ள முன்னறிவிப்புப் பொறுப்பதிகாரிகள்,
ரொறன்ரோ.

அனுப்புநர்:
ஹைலண்ட் கிறீக் ஓடையை அண்டி வாழும் தமிழ்க் குடியிருப்பாளர் சங்கத்தினர்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

மாசிக் கடைசியில் வெயில் கொஞ்சம் முகம் காட்டினால் போதும், குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைபட்டிருந்த எங்கள் முதியவர்கள் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைப் பாதையில் இறங்கிவிடுவார்கள். ஆண்டிலேயே அந்தப் பாதை மிக ஆபத்தாக இருப்பதும் அந்த நாட்களில்தான். நிலம் இன்னும் உறைந்திருப்பதால் உருகும் பனியும் அதன்மேல் பெய்யும் மழையும் உள்ளே இறங்காமல் நேரே ஓடைக்கு வருகின்றன. தாரும் கொங்கிரீட்டும் மூடிய எங்கள் பகுதியில் சில மணி நேரத்திலேயே நீர்மட்டம் ஏறிவிடுகிறது. உடைந்த பனிக்கட்டி பாலத்தடியில் சிக்கினால் அதுவே அணையாகிவிடும். 2018 பெப்ரவரியில் பிரான்ட்ஃபோர்டிலும் 2022 பெப்ரவரியில் பிரம்டனின் சேர்ச்வில்லிலும் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது இத்தகைய பனிக்கட்டி அடைப்பால்தான்.

1954இல் ஹேசல் புயல் ஒன்ராறியோவில் 81 உயிர்களைப் பறித்த பிறகு, ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவது கட்டுப்படுத்தப்பட்டு அவற்றிற் பல பூங்காக்களாயின. குடியிருக்க ஆகாது என்று ஒதுக்கிய நிலத்தில்தான் நாங்கள் நடை போகிறோம். அதைச் சொல்லும் பலகை எங்கள் பாதை வாசலில் இல்லை.

ஆகவே முதற் கோரிக்கை அறிவித்தல் பற்றியது. வெள்ளம் வரும் என்ற எச்சரிக்கைக்கு யாரும் காது கொடுப்பார்கள். அதற்குக் கீழ்ப்படியில் வரும் நீர்ப் பாதுகாப்பு அறிக்கையைத்தான் எவரும் பொருட்படுத்துவதில்லை. வெள்ளம் எதிர்பார்க்கப்படவில்லை, ஆனால் கரை வழுக்கும், பனித்தளம் நம்பத்தக்கதல்ல என்று சொல்வது அதுதான். பேரன் பந்தை எடுக்க ஓடும் நாளுக்கு உரிய செய்தியும் அதுவே. அதைத் தமிழில், வாசிக்கச் சிரமப்படுவோருக்காகக் குரல்வழியும், எங்கள் வானொலிகள் மூலமும் அன்றே தரவேண்டும். பாதை வாசல்களில் தமிழ்ப் பலகை வேண்டும். அசையாத நீரிலேயே ஒருவர் நடக்க 15 சென்ரிமீற்றர் கனமான பனித்தளம் தேவை. ஓடும் நீரின்மேல் அந்தக் கணக்கையும் நம்பக்கூடாது என்று அதில் எழுதுங்கள்.

அடுத்தது பேஸ்மன்டில் வாடகைக்கு இருப்போர் பற்றியது. கடந்த பங்குனியில் எங்கள் உறுப்பினர் குடும்பமொன்று, தரை வடிகால் வழியே தண்ணீர் பொங்கி அரிசி மூட்டையும் பிள்ளையின் பள்ளிப் பையும் ஊறிய பிறகே விழித்துக்கொண்டது. மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரரின் தொலைபேசிக்கு முதல்நாள் மாலையே அறிவித்தல் வந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. கீழே ஆட்கள் படுத்திருக்கிறார்கள் என்பது அறிவித்தல் அனுப்பும் முறைக்கே தெரியவில்லை. சம்ப் பம்ப், கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஆகியவற்றுக்கான மானியம் வீட்டுச் சொந்தக்காரருக்கே உரியது. வாடகைக்கு இருப்பவர் கேட்டாலும் வீட்டைப் பரிசோதிக்க வழி செய்யவேண்டும்.

தெருவோர வடிகால் வாய்கள் சின்ன விடயம்போலத் தெரியும். பனி அள்ளும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போகும் பனிமேடு அநேகமாக அவற்றின் மேலேயே குந்தியிருக்கிறது. நாங்கள் சவளோடு போய்த் துப்புரவாக்குகிறோம். எல்லாத் தெருவுக்கும் எங்களால் முடியாது. மழையோடு வெப்பம் ஏறும் என்ற முன்னறிவிப்பு வந்ததும் பள்ளமான தெருக்களை முதலில் கவனிக்கவேண்டும்.

குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். அதன்பின் கை கால் சொற்கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம். காப்பாற்ற நீரில் இறங்காமல் கயிறோ தடியோ நீட்டி, 911ஐ அழைப்பது எப்படி என்று சமூக நிலையங்களில் தமிழில் பயிற்சி நடத்தித் தாருங்கள். ஆட்களைத் திரட்டுவதும் மொழிபெயர்ப்பும் எங்கள் பொறுப்பு.

இவற்றைப் பேச, தை மாதம் முடியுமுன் உங்கள் அதிகாரி ஒருவர் எங்களோடு அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பார்க்க நாள் குறித்துத் தருமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்