பந்தியில் உட்காரும் மகிழ்ச்சி

திருச்சபைக்குள் சாதி இருக்கிறதா என்று நம்மிடம் யாரும் கேட்கத் தேவையில்லை. தனிக் கல்லறையையும் தேர் வராத தெருவையும் பார்த்தே வளர்ந்தோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை மதத்தைக் காட்டி நம்மைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். நாம் இன்னும் வெளியில்தான்.

இதையெல்லாம் பேசுகிற நாம், நம் சேரிக் கோயிலில் அடையும் மகிழ்ச்சியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பாருங்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மா கொண்டுவந்த பூசணிக்காயை ஊரே போட்டிபோட்டு ஏலம் கேட்கிறது. மற்ற நாளெல்லாம் கூலிக்குப் பேரம் பேசியே களைத்தவர், அன்று வாய்விட்டுச் சிரிக்கிறார். அசனத்தன்று நாமே சமைக்கிறோம், ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மதுரை இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு. சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பறையை இன்று நம் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பவனியில் அடித்து ஆடுகிறார்கள்.

இது போராட்டத்தை மறக்கடிக்கும் மயக்கம் என்கிறார்கள் சில தோழர்கள். களப்பணியில் நாம் கண்டது வேறு. அசனப் பந்தியில் மரியாதையோடு சாப்பிட்டுப் பழகிய பெண்தான், வேறிடத்தில் கடைசிப் பந்தியில் உட்கார மறுக்கிறாள். சமத்துவத்தின் ருசி தெரிந்தவளை ஏமாற்ற முடியாது.

தோழர்களே, வன்கொடுமைகளைப் பதிவு செய்யும் நோட்டிலேயே இந்தச் சிரிப்பையும் எழுதி வையுங்கள். நாம் எதற்காகப் போராடுகிறோம் என்பதற்கு அதுவும் சாட்சி.